தாச்சி மீன்கள்

மீன்களை வகைப்படுத்தப் புகும் விலங்கியலாளர் செதிலையும் செட்டையையும் எண்ணுவர். வட அமெரிக்கத் தூண்டிற்காரரோ சமையற் பாத்திரம் ஒன்றைக் கொண்டே ஒரு வகுப்பை அமைத்துவிட்டனர். ஏரிகளிலும் குளங்களிலும் வாழும் சில சிறு மீன்களுக்கு அவர்கள் இட்ட பொதுப்பெயர் ‘பான்பிஷ்’ என்பது. தலையும் வாலும் வெளியே நீளாமல், பொரிக்கும் சட்டிக்குள் முழுதாய் அடங்கும் மீன் என்பது அதன் பொருள். எங்கள் பகுதி வழக்கைத் தழுவி இவற்றைத் ‘தாச்சி மீன்கள்’ என இக்கட்டுரையில் அழைக்கத் துணிகிறேன். தாச்சி என்னும் சொல்லுக்கு இலக்கியத் தகுதி உண்டோ எனத் தமிழ்த்துறை ஆசான்கள் ஐயுறலாம். எங்கள் வீட்டில் அதற்கு வேறு சொல் வழங்கியதில்லை.

இம்மீன்களை நான் அறிந்தது விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில். விவசாயபீடத்திலிருந்து மேற்படிப்புக்காகச் சென்று நான்கு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தேன். மென்டோற்றா, மொனோனா என்னும் இரு ஏரிகளுக்கு இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தின்மேல் அமைந்த நகரம் அது. பல்கலைக்கழகம் மென்டோற்றாவின் தென்கரையிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 40 சதுர கிலோமீற்றர் பரப்பும் 25 மீற்றர் ஆழமும் உடைய அவ்வேரியில்தான் பேர்ஜ், ஜூடே என்னும் இரு அறிஞர்கள் வட அமெரிக்க ஏரியியலுக்குக் கால்கோள் இட்டனர். உலகில் மிகுதியாக ஆராயப்பட்ட ஏரிகளுள் ஒன்று எனப் பெயர்பெற்ற நீர்நிலையின் கரையில், ஆராய்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டுத் தூண்டிலும் கையுமாக நின்ற பொழுதுகளே என் நினைவில் மிகுதியாய் எஞ்சியுள்ளன.

நான் இரணைமடுவை அண்டிய கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவன். அப்பா தூண்டில் போடுவார். ஆனால் அதை ஒருபோதும் விளையாட்டு என்று சொன்னதில்லை. மூங்கிற்றடி, ஒரு பாகம் தங்கூசி, மயிலிறகுத் தண்டில் ஒரு மிதப்பு, சிரட்டைக்குள் மண்புழு ஆகிய இவ்வளவே அவரது கருவிகள். கறிக்கு அளவான மீன் பட்டதும் நூலைத் தடியிற் சுற்றிவிடுவார். அக்கணத்தில் மிதப்பின் அருகே எத்தனை பெரிய மீன் புரண்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். மடிசனுக்குச் சென்ற முதல் வேனிலில், தொலைபேசியில் அவருடன் உரையாடுகையில், ஒரு மாலையில் பதினெட்டு மீன் பிடித்து அத்தனையையும் மீண்டும் ஏரியில் விட்டதைச் சற்றுப் பெருமையுடனேயே கூறினேன். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு,

“விடுறதெண்டால் பிறகேன் பிடிச்சனீ?” என்று கேட்டார்.

அவ்வினாவுக்கு உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. பின்னர் எந்த மீனைப் பிடித்தபோதும் அவ்வினா தூண்டில் நூலின் மறுநுனியிற் கிடந்தது. ஆதலால் இங்கு நான் செய்யப்போகும் ஒப்பீடு, எந்த மீன் வலுவாக இழுக்கும் என்பதோடு நில்லாது.

புளூகில்லை முதலிற் கூறுவதே முறை. செவுள்மூடியின் கீழ்ப்புறத்தில் நீலச்சாயல் ஓடுவதாலே இப்பெயர். செவுள்மூடியின் பின்நுனியில் கரிய மடல் ஒன்று காதுபோல் நீண்டிருக்கும். உடல் தட்டையானது, அகன்றது. விரித்த உள்ளங்கை அளவிற்று. பெரும்பாலும் 15 முதல் 20 சதமமீற்றர் நீளமே காணப்படும். தூண்டிலிற் பட்டவற்றுள் உலகச் சாதனையாகப் பதிவானது 1950 இல் அலபாமா மாநிலத்துக் கெற்றோனா ஏரியில் அகப்பட்ட ஒன்று. அதன் நிறை 4 இறாத்தல் 12 அவுன்ஸ். நம்மூர் விராலுக்குப் பக்கத்தில் அது ஒரு பொருட்டன்று. எனினும் கையளவுப் புளூகில் ஒன்று மெல்லிய தடியில் தரும் அதிர்ச்சியை அதன் நிறையைக் கொண்டு கணிக்க இயலாது. முள் தைத்ததும் அது நேரே ஓடுவதில்லை. தன் அகன்ற பக்கத்தை நீருக்கு எதிராகத் திருப்பிக்கொண்டு வட்டமிடும். ஒரு தட்டை நீருக்கடியிற் குறுக்காகப் பிடித்து இழுத்துப் பார்த்தவர்க்கு இது விளங்கும். வாயோ மிகச் சிறியது. பெரிய முள்ளைப் போட்டால் இரையை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

இம்மீனின் பெருங்குணம், அது எவருக்கும் அகப்படும் என்பது. ஐந்து வயதுச் சிறுமிக்கும் அகப்படும். அயல்நாட்டிலிருந்து வந்து, எதை எங்கே வாங்குவது என்று அறியாத மாணவனுக்கும் அகப்படும். அமெரிக்கர் பலர் தம் வாழ்நாளிற் பிடித்த முதல் மீன் இதுவே என்பர். சாதனைக்காகத் தூண்டில் போடுவோர் இதனை இகழ்வதற்கும் அதுவே காரணம். எளிதிற் கிடைப்பதை இழிவெனக் கருதும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் மட்டும் உள்ளதென்று நான் நினைத்திருந்தேன்.

நிற்க. புளூகில்லைப் பிடிப்பதற்கு மிக எளிய காலம் எதுவோ அதுவே பிடிக்கலாமா என்ற ஐயம் எழவேண்டிய காலமுமாகும். வேனிலின் தொடக்கத்தில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 20 பாகையை எட்டும்போது ஆண் மீன்கள் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்து, வாலால் மணலை விசிறி வட்டக் குழிகள் அமைக்கும். ஒன்றையொன்று ஒட்டிப் பத்தும் ஐம்பதுமாய்க் கிடக்கும் அக்குழிகளைப் படகுத்துறையில் நின்று பார்த்தால், அடிநிலத்திற் கோப்பைகளை அடுக்கிவைத்தாற்போலத் தோன்றும். பெண் மீன் முட்டையிட்டதும் போய்விடும். ஆண் மீனே முட்டைகளுக்கு நீர் விசிறி, குஞ்சுகள் நீந்திச் செல்லும்வரை காவல் நிற்கும். அந்நாட்களில் அது பெரும்பாலும் உண்பதில்லை. ஆனால் குழிக்குள் எது விழுந்தாலும் கவ்வி அகற்றப் பாயும். முள்ளோடு கூடிய புழு விழுந்தாலும் அவ்வாறே. பசியினால் அன்றிக் காவலினால் அகப்படும் மீன் அது.

ஒன்ராறியோ மாகாணத்து ஒப்பினிக்கன் ஏரியில் மார்ட் குறொஸ் என்பவர் 1980 ஆம் ஆண்டளவிற் செய்த ஆய்வுகள் இதைவிட விந்தையான ஒரு செய்தியை வெளிப்படுத்தின. குழி அமைத்துக் காவல் நிற்கும் ஆண், அப்பருவத்தை எய்த ஏழு ஆண்டுகள் வரை எடுக்கும். வேறு சில ஆண்களோ இரண்டாம் ஆண்டிலேயே முதிர்ந்து, குழி அமைக்கும் உழைப்பு ஏதுமின்றி, பிறர் குழிக்குள் ஒரு கணம் மின்னலெனப் புகுந்து வித்திட்டு ஓடிவிடும். சற்று வளர்ந்தபின் அவையே பெண்ணின் நிறத்தையும் நடையையும் மேற்கொண்டு உள்ளே நுழையும். தூண்டிற்காரன் குழிமேல் நின்று பெரிய மீன்களாகப் பார்த்து எடுத்துச் செல்லும்போது அவன் எடுப்பது ஏழாண்டுக் காவலாளியை. காவல் நீங்கிய குழியில் முட்டைகளை அயல் மீன்கள் தின்றுவிடும். பெரிய ஆண்கள் அருகிவிட்டால், எஞ்சியவை வளர்ச்சியிற் செலவிடவேண்டிய சத்தை இளமையிலேயே இனப்பெருக்கத்தில் செலவிடத் தொடங்கும். இறுதியில் ஏரி முழுவதும் விரல் நீள மீன்களே எஞ்சும். மீன் குறையாது, தாச்சிக்கு உரிய மீன் இராது. நான் அங்கிருந்தபோது மடிசன் ஏரிகளில் ஒருவர் நாளொன்றுக்குத் தாச்சி மீன்கள் 25 வரை எடுக்கச் சட்டம் இடமளித்தது. எதனை எடுப்பது, எதனை விடுவது என்பது பிடிப்பவனின் மனச்சான்றுக்கே விடப்பட்டிருந்தது.

இதனை வாசித்தபோது எனக்கு வந்தது விராலின் நினைவு. மாரி முடிந்த குளத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேற் கொதிப்பதுபோல் எழுந்தெழுந்து தாழும். அதன் கீழே தாயும் தந்தையும் நிற்கும். அவ்விடத்தில் எதைத் தொங்கவிட்டாலும் விரால் பாய்ந்து கவ்வும் என்பது எங்களூர்ச் சிறுவர் அனைவரும் அறிந்த செய்தி. ஆயினும், “குஞ்சோடை நிக்கிறதைத் தொடாதை” என்பது அப்பாவின் கட்டளை. அதற்கு அவர் காரணம் கூறியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மென்டோற்றாவின் கரையில் நான் புளூகில் குழிகளைக் கடந்து சென்று ஆழமான நீரிற் தூண்டில் போட்டதற்கு மார்ட் குறொஸ் பாதி, அப்பா பாதி எனலாம்.

புளூகில்லின் உறவினமான பூசணிவிதை மீனைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. செவுள் மடலின் நுனியிற் செம்பொட்டு, உடலெங்கும் நீலமும் மஞ்சளும் கலந்த கோலம். அழகில் அதற்கு இணையில்லை. நத்தைகளை உடைத்துத் தின்னும். தூண்டிலிற் பட்டால் புளூகில்லின் பாதி ஆர்வத்துடனேயே போரிடும். நான் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு விடுவேன். அழகிய பொருளைப் பொரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை என்றால், அழகற்றதைப் பொரிக்க மட்டும் எவ்வாறு வந்தது என்று ஒரு நண்பர் மடக்கினார். அவர் தத்துவத்துறையைச் சேர்ந்தவர்.

கிராப்பி வேறொரு குணத்தது. வெள்ளி உடலிற் கரும்புள்ளிகள் தெளித்த மீன். வாயின் ஓரம் கடதாசி போன்ற மெல்லிய தோலால் ஆனது. வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும். ஆதலின் புளூகில்லுக்குப் பழகிய கை கிராப்பியிடம் தோற்கும். கரையோரத்தை விட்டு, ஆழ நீரின் நடுவில் அந்தரமாய்க் கூட்டங்கூடி நிற்பது இதன் வழக்கம். அக்கூட்டம் நிற்கும் மட்டத்தை அறியாதவன் அதன் நேர்மேலே அமர்ந்திருந்தும் வெறுங்கையோடு திரும்புவான். பெரிய கண்ணுடைய இம்மீன் அந்திமயங்கிய பின்னரே நன்றாக இரையெடுக்கும்.

இதைப் பிடிக்கும் முறையை எனக்குக் கற்பித்தவர் மொனோனாக் கரையில் நாள்தோறும் வந்து நின்ற ஒரு முதியவர். லாவோஸ் நாட்டிலிருந்து ஏதிலியாக வந்த ஹ்மொங் இனத்தவர். 1975 இன் பின்னர் அவ்வினத்தார் பல்லாயிரவர் விஸ்கொன்சினிற் குடியேறினர். அவரது ஆங்கிலமும் எனது ஆங்கிலமும் வெவ்வேறு திசைகளிற் பிழைபட்டவை. ஆயினும் மீனைப் பற்றிப் பேசுவதற்குப் போதுமாயிருந்தன. மீன் மேலே பார்க்கும், கீழே பாராது என்று கையாற் காட்டினார். இரையைக் கூட்டத்தின் கீழே விட்டால் பயனில்லை. ஒரு முழம் மேலே நிறுத்தவேண்டும் என்பது அதன் கருத்து. ஒருநாள் எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். “அங்கும் போரா?” என்றார். 2009 இல் முடிந்தது என்றேன். தலையசைத்துவிட்டு மீண்டும் மிதப்பைப் பார்த்தார். மிதப்பு அசைந்தது. அவர் வெட்டவில்லை, தடியை மெல்ல உயர்த்தினார், அவ்வளவே. அவர் எந்த மீனையும் திருப்பி விட்டதை நான் கண்டதில்லை. சட்டம் விதித்த எண்ணுக்கு மேல் ஒன்றேனும் எடுத்ததையும் கண்டதில்லை. அப்பாவின் வினா அவரை எட்டியிருந்தால் அதில் ஒரு பொருளும் இருந்திராது.

பிடித்துவிடுதலைப் பற்றி இங்கு ஒரு சொல். பெரும்பாணாற்றுப்படையில், தூண்டிலின் இரையைக் கவ்வித் தப்பிய வாளை மீன், கரையிலுள்ள பிரம்பின் நிழல் நீரில் நடுங்குவதைக் கண்டும் அஞ்சுவதாக ஒரு காட்சி வருகிறது. பலரும் வந்து பிடித்துவிடும் படகுத்துறையொன்றின் கீழே, கோடையின் இறுதியில், புளூகில்கள் இரையின் முன்னே அசையாது நின்று நெடுநேரம் உற்று நோக்கிவிட்டுப் பின்வாங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். புலவன் கண்ட அச்சம் கற்பனை அன்று. விடப்பட்ட மீன் ஒன்றையும் இழக்கவில்லை என்று தூண்டிற்காரர் கூறுவதை அன்றிலிருந்து நான் முழுமையாக ஏற்பதில்லை.

மஞ்சட் பேர்ச்சை அறிவதற்குப் பனிக்காலம் வேண்டும். மார்கழி கழிய மென்டோற்றா உறைந்து வெண்ணிலமாகும். நான்கு அங்குலத் தடிப்பு இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அவ்வூர் அளவுகோல். இரணைமடுவிற் பிறந்தவன் நீரின்மேல் நடந்து செல்வதென்பது, எத்தனை அளவுகோல் காட்டினாலும், நம்பிக்கையோடு செய்யத்தக்க செயலன்று. பனிக்கட்டியில் துளையிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்து, முழங்கை நீளத் தடியில் நூலை அடிவரை இறக்குவர். பேர்ச் கூட்டமாய் வரும்; வந்தால் மாறிமாறிப் படும்; போய்விட்டால் ஏரியே வெறுமையாகிவிடும். பொழுது சாய்ந்ததும் ஒன்றும் படாது. இதன் காரணத்தை அதே ஏரியில் ஆர்தர் ஹஸ்லரும் ஜோன் பார்டாக்கும் ஆராய்ந்து 1949 இல் வெளியிட்டனர்: பகலெல்லாம் திரளாய்த் திரியும் பேர்ச் அந்தியிற் கரைநோக்கி வந்து, கூட்டம் கலைந்து, அடிநிலத்திற் படிந்து உறங்குகிறது. குளிரில் விரல் விறைத்த நிலையில், மீனும் வீட்டுக்குப் போய்விட்டது என்ற எண்ணம் ஆறுதல் தரும்.

இழுப்பில் பேர்ச் புளூகில்லுக்கு ஈடாகாது. ஆழத்திலிருந்து ஓர் ஈரத்துணி ஏறி வருவதுபோல வரும். தாச்சியிலோ அதற்கு நிகர் அதுவே. வெண்மையான, இறுகிய, முள்ளற்ற தசை. விஸ்கொன்சினில் வெள்ளிக்கிழமை மாலைகளிற் பொரித்த மீன் உண்ணும் வழக்கம் கத்தோலிக்கக் குடியேறிகளின் விரதத்தில் வேரூன்றி, 1920 முதல் 1933 வரையான மதுவிலக்குக் காலத்தில் விடுதிகளால் வளர்க்கப்பட்டது. அத்தட்டில் பெருமைக்குரிய இடம் பேர்ச்சுக்கே. ஆனால் மிச்சிகன் ஏரியில் அது பெருவீழ்ச்சி கண்டு, கிறீன் பே குடா தவிர்ந்த விஸ்கொன்சின் பகுதியில் 1996 இல் வணிகப் பிடிப்பு நிறுத்தப்பட்டது. பேர்ச் குழி அமைப்பதில்லை, காவல் நிற்பதில்லை. நாடா போன்ற முட்டைத்தொடரை நீர்ச்செடிகளிற் படரவிட்டுப் போய்விடும். ஆதலால் பேர்ச்சைக் கறிக்களவாய் எடுத்துக்கொண்டு வருவதில் எனக்கு ஒருபோதும் மனத்தடை இருந்ததில்லை.

எனினும் எனக்கு மிகவும் உவந்தது எது எனின், புளூகில் என்றே கூறுவேன். நடுத்தரமானவற்றைத் தாச்சிக்கு எடுத்து, மார்பு செம்மஞ்சளாய்ச் சிவந்த பெரிய ஆண்களை விட்டுவிடுவது என் வழக்கமாயிற்று. பெரியதை எடு, சிறியதை விடு என்று உலகெங்கும் பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். அப்பாவுக்கு இதனை விளக்கியபோது, “அது விரால்தானே” என்று மட்டும் சொன்னார்.

ஆனால் விடுதல் எங்கும் அறமாகிவிடாது. 1960 இல் சிக்காகோ நகரபிதா ரிச்சர்ட் டேலி, அந்நாள் யப்பானிய இளவரசர் அகிஹிற்றோவுக்குப் புளூகில்களைப் பரிசளித்தார். மீனியலில் ஈடுபாடுடைய இளவரசர் அவற்றை நாட்டின் மீன்பிடித்துறை ஆய்வு நிலையத்துக்கு வழங்கினார். உணவுக்காக வளர்க்கப்பட்டவை நீர்நிலைகளிற் பரவின. பீவா ஏரியிற் பெருகி, அவ்வேரிக்கே உரிய மீன்களை நெருக்கின. 2007 இல், பேரரசராயிருந்த அகிஹிற்றோ, அம்மீனைக் கொண்டுவந்தவர் தாமே என்பதையும் அதன் விளைவு தம் மனத்தை வருத்துவதையும் வெளிப்படையாகக் கூறினார். பீவா ஏரியைக் கொண்ட ஷிகா மாகாணம் 2003 முதல், பிடித்த புளூகில்லை மீண்டும் ஏரியில் விடுவதையே தடைசெய்தது. மென்டோற்றாவிற் புண்ணியமாகக் கருதப்படும் செயல் பீவாவில் குற்றம். மீன் ஒன்றே; கை ஒன்றே.

இவ்விடத்தில் நம் குளங்களின் ‘யப்பான் மீன்’ நினைவுக்கு வருவது இயல்பு. யப்பானுக்கும் அதற்கும் பிறப்புத் தொடர்பு இல்லை. தென்கிழக்கு ஆபிரிக்காவுக்குரிய அத்திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவும் மணலிற் குழி தோண்டும் இனம். ஆனால் அதில் ஆண் குழியமைப்பதோடு சரி. முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பது தாய். பீவாவிற் பகையானது புளூகில். வன்னியிலோ வந்தேறியான யப்பான் மீன் ஏழைகளின் கறியாயிற்று. அதைக் குறைகூற எனக்கு நா எழாது. என் பள்ளிப் புத்தகங்களுள் சிலவற்றை வாங்கியதும் அதுவே.

நாடு திரும்பிய ஆண்டில், வான் பாய்ந்து ஓய்ந்த ஒரு மாலை, அக்காவின் மகனோடு இரணைமடுக் கட்டில் அமர்ந்து தூண்டில் போட்டேன். இரை பாண் துண்டு. யப்பான் மீன் புளூகில்லைப்போலவே இரையை முகர்ந்து, உறிஞ்சி, பக்கம் திருப்பி வட்டமிட்டது. இழுப்பில் அதனைப் புளூகில்லுக்கு அடுத்தபடியாக, கிராப்பிக்கு மேலே வைப்பேன். அம்மா அதை மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவித் தாச்சியிற் பொரித்தெடுத்து, இந்தச் சுவை அமெரிக்காவிற் கிடைத்திருக்குமோ என்று கேட்டார். பனிக்கடியிலிருந்து வந்த பேர்ச்சின் சுவை நாவில் எழுந்தது. இன்னும் ஒரு துண்டு வைக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.